பனியில் கூடிய மோட்டார் சைக்கிள் தோழர்கள்



மோட்டார் சைக்கிள் நமக்குப் புதிய பொருளன்று. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர்களும், வேலை முடிந்து பட்டணத்துக் கடைத்தெருவுக்குப் போகிறவர்களும், பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு விரைகிற தாய்மார்களும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள். 1958ஆம் ஆண்டில் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்னும் சிறிய வண்டியை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டிற்குள் அவ்வகை வண்டிகள் பத்துக் கோடிக்கு மேல் செய்யப்பட்டுவிட்டன. அதன் வழிவந்த வண்டிகளைத்தான் நாம் 'கப்சாய்' என்கிறோம். கார் வாங்க வசதியில்லாத குடும்பத்திற்குக் காலாக இருப்பது இந்த வண்டி.

ஆனால் அதே வண்டியில் இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக வந்துவிட்டால் நம் பார்வை மாறிவிடுகிறது. வீட்டுக் கதவைச் சாத்துகிறோம். "போக்கிரிப் பிள்ளைகள்" என்கிறோம். நம் மகனும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுவானோ என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. சாலையில் பறிபோன இளம் உயிர்கள் எத்தனை!

இந்தக் கவலை நமக்கு மட்டும் வந்ததன்று. அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்துப் பெற்றோர்களும் இதே கவலையில் இருந்தார்கள். அங்கே மோட்டார் சைக்கிள் சங்கங்கள் எப்படித் தோன்றின, கொட்டும் பனியில் அவை ஏன் கூடின, பின்னர் அத்தகைய சங்கத்தார் எவ்வாறு அறப்பணியில் இறங்கினார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த கான்ஸ்டாட் என்னும் ஊரில், காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இரு பொறியாளர்கள் மரச்சட்டத்தில் பெட்ரோல் இயந்திரம் ஒன்றைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார்கள். உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று பெரும்பாலோர் கொள்வது அதைத்தான். அடுத்த இருபது ஆண்டுகளில் இத்தகைய வண்டிகள் ஐரோப்பாவெங்கும் பரவின. ஆனால் அவை அடிக்கடி பழுதாகும். பட்டை அறுந்துவிடும், டயர் வெடித்துவிடும், மழையில் இயந்திரம் நின்றுவிடும். வழியில் நின்றுவிட்டால் உதவிக்கு ஆள் வேண்டும் அல்லவா? ஆகவே ஓட்டுநர்கள் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைத்தார்கள். 1901ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் 'மோட்டார் சைக்கிளிங் கிளப்' என்னும் சங்கம் தோன்றியது. அது இன்றும் இயங்கி வருகிறது.

அந்தச் சங்கம் 1910ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கிறிஸ்துமஸ் பண்டிகை முடிந்த கையோடு, நடுக்குளிர் காலத்தில், இலண்டனிலிருந்து எக்ஸிடர் நகருக்குச் சென்று திரும்பும் ஓட்டம் ஒன்றை நடத்தியது. அக்காலத்தில் நல்ல விளக்கு இல்லை. நல்ல சாலை இல்லை. நீண்ட இரவு, சேறு, உறைபனி எல்லாவற்றையும் தாண்டி ஓட்டுநர்கள் போய்வர வேண்டும். இது யார் முதலில் வருகிறார் என்று பார்க்கும் பந்தயமன்று. குறித்த நேரத்தில், குறித்த பாதையில், வண்டியும் ஆளும் பழுதில்லாமல் போய்ச் சேர்வதே சோதனை. வேனிற்காலத்தில் மட்டும் ஓடும் விளையாட்டுப் பொருளன்று, ஆண்டு முழுவதும் பயன்படும் வாகனம் இது என்று உலகிற்குக் காட்டுவதே அவர்களுடைய நோக்கம். பனிக்காலப் பயணத்தின் முதல் பாடம் இதுதான்: வேகத்தைவிட நிதானமே பெரிது.

பனிக்காலம் என்றால் என்னவென்று, ஆண்டெல்லாம் வெயிலும் மழையும் காணும் நமக்குச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்கு மழைத் தூறலில் மோட்டார் ஓட்டிச் சென்றாலே நம் விரல்கள் விறைத்துப்போகின்றன. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் வெப்பநிலை தண்ணீர் உறையும் பூஜ்யம் பாகைக்கும் கீழே போகும். காற்று வீச வீச உடம்பின் சூடு விரைவாகப் பறிபோகிறது. பூஜ்யம் பாகைக் குளிரில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் முகத்தில் படும் காற்று, அமைதியான இடத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 9 பாகைக் குளிர் போல் உறைக்கும். விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. மூச்சுக்காற்று கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும். சாலையில் உறைந்த தண்ணீர் கண்ணாடித் தகடு போல் கிடக்கும். இரண்டு சக்கர வண்டி அதன்மேல் ஏறினால் கவிழ்வது திண்ணம். பழைய ஓட்டுநர்கள் குளிரைத் தடுக்கச் சட்டைக்குள் பழைய செய்தித்தாள்களை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். வண்டி சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சக்கரமும் ஒரு பெட்டியும் பூட்டினார்கள். இதற்கு சைட்கார் என்று பெயர். மூன்று சக்கரம் ஆனபின் பனியில் வழுக்கினாலும் வண்டி கவிழ்வது அரிது.

இந்த சைட்கார் வண்டிகளைப் போர்க்காலத்தில் படைகள் மிகுதியாகப் பயன்படுத்தின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையினர் ரஷ்யாவின் பனியிலும் ஆப்பிரிக்காவின் மணலிலும் ஓட்டிய வண்டிகளுள் ஒன்று, நூரம்பர்க் நகரத்து ஜூண்டாப் நிறுவனம் செய்தது. போர் முடிந்தபின் அதே நிறுவனம் 1951ஆம் ஆண்டில் 'கே.எஸ். 601' என்னும் வண்டியை வெளியிட்டது. ஏறத்தாழ 600 சி.சி. திறன் கொண்ட பெரிய வண்டி. பச்சை வண்ணம் பூசி வந்ததாலும், எத்தனை சுமையையும் அசையாமல் இழுத்துச் சென்றதாலும் மக்கள் அதற்குப் 'பச்சை யானை' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

போருக்குப் பிந்திய ஜெர்மனியில் தொழிலாளியின் குடும்ப வாகனம் மோட்டார் சைக்கிள்தான். கணவன் ஓட்ட, மனைவி பின்னால் அமர, பிள்ளையும் மூட்டையும் சைட்காரில் போகும். ஆனால் 1950களின் நடுப்பகுதியில் மக்கள் கையில் காசு புழங்கத் தொடங்கியது. சிறிய கார்கள் மலிந்தன. தலைக்குமேல் கூரையுள்ள வண்டி கிடைக்கும்போது மழையில் நனைய யார் விரும்புவார்? மோட்டார் சைக்கிள் விற்பனை சரிந்தது. புகழ்பெற்ற நிறுவனங்கள் பல, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மோட்டார் சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டன. இன்னும் மோட்டார் சைக்கிளில் போகிறவரைக் கண்டால், "கார் வாங்க வக்கில்லாதவர்" என்று ஏளனமாகப் பார்க்கும் காலமும் வந்தது.

அந்த வேளையில்தான் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்பவர் முன்வந்தார். இவர் மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர். 'கிளாக்ஸ்' என்னும் புனைபெயரால் வாசகர்களுக்கு அறிமுகமானவர். பச்சை யானை வண்டியை நேசித்தவர். "இவ்வண்டியை வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் ஓரிடத்தில் கூடுவோம்" என்று அவர் அழைப்பு விடுத்தார். 1956ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த சொலிட்யூட் என்னும் இடத்தில் அவர்கள் கூடினார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர்தாம். வண்டியின் செல்லப்பெயரையே கூட்டத்திற்கும் சூட்டி 'யானைக் கூட்டம்' என்றார்கள்.

இருபது பேரில் தொடங்கிய கூட்டம் ஆண்டுக்காண்டு பெருகியது. பச்சை யானை வைத்திருப்பவர்கள் மட்டும் என்ற வரம்பு போய், எந்த மோட்டார் சைக்கிளில் வந்தாலும் வரவேற்பு என்றாயிற்று. 1960களில் நூர்பர்க்ரிங் என்னும் பந்தயத் திடலில் கூடினார்கள். பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். கூட்டம் மிகப் பெருகியபோது கட்டுப்பாடும் குலைந்தது. குடியும் கூச்சலும் ஏற்பட்டன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1977ஆம் ஆண்டிற்குப் பின் கூட்டம் அவ்விடத்தை விட்டு நீங்கியது. ஆஸ்திரிய நாட்டில் சில காலம் நடந்து, 1989ஆம் ஆண்டு முதல் ஜெர்மனியின் பவேரியக் காட்டுப் பகுதியில் ஒரு பள்ளத்தாக்கில் நடைபெற்று வருகிறது. ஜெர்மன் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் கூட்டமைப்பு ஒன்று அதனை நடத்துகிறது.

அங்கே என்னதான் செய்கிறார்கள்? பந்தயம் இல்லை. வெண்பனியின் மேல் கூடாரம் அடித்து, கீழே வைக்கோலைப் பரப்பிப் படுத்துக்கொள்கிறார்கள். விறகு மூட்டிச் சமைக்கிறார்கள். வழியில் பட்ட பாடுகளைப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவருக்கு வண்டி கிளம்பவில்லை என்றால் நால்வர் வந்து தள்ளுகிறார்கள். முன்பின் அறியாதவர்கள் ஒரே நெருப்பைச் சுற்றி உட்காருகிறார்கள். மருத்துவரும் இருப்பார், கொத்தனாரும் இருப்பார். தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டிருக்கும்போது யார் எந்தத் தொழில் என்று எப்படித் தெரியும்? இரவில், சாலையில் உயிரிழந்த தோழர்களை நினைந்து தீப்பந்தம் ஏந்திச் செல்லும் வழக்கமும் அந்தக் கூட்டத்திற்கு உண்டு.

நேயர்களே, சாலையில் மறைந்தவர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வரலாற்றுச் செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் அரபு நாடுகளில் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1935ஆம் ஆண்டு மே மாதம் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது, எதிர்ப்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாமல் விலக முயன்று தூக்கி எறியப்பட்டார். தலையில் பலத்த அடி. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். வயது 46. அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். இந்தச் சாவு அவர் மனத்தை உறுத்தியது. விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களைப் பற்றி அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். 1941ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டு, தலைக்கவசம் உயிரைக் காக்கும் என்று எடுத்துரைத்தார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் படையின் மோட்டார் சைக்கிள் தூதுவர்கள் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. பொதுமக்களுக்கு அது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. மலேசியாவிலும் அதே 1973ஆம் ஆண்டில் தலைக்கவச விதி வந்தது. நாம் இன்று அணியும் தலைக்கவசத்தின் பின்னால் ஒரு மனிதரின் மரணமும் ஒரு மருத்துவரின் உழைப்பும் இருக்கின்றன.

மீண்டும் பனிக்காலக் கூட்டத்திற்கு வருவோம். ஜெர்மானியரைப் போலவே பிரிட்டனிலும் ஒரு கூட்டம் எழுந்தது. வேல்ஸ் நாட்டின் வடபகுதி மலைப்பாங்கானது. அங்குள்ள கான்வி நகரத்து மோட்டார் சைக்கிள் சங்கம் 1962ஆம் ஆண்டில் 'டிராகன் கூட்டம்' என்னும் குளிர்காலக் கூட்டத்தைத் தொடங்கியது. டிராகன் என்பது வேல்ஸ் நாட்டுக் கொடியில் உள்ள சிவப்பு நிறப் பறவை நாகம். பிப்ரவரி மாதத்தில், ஸ்நோடோனியா மலைப்பகுதியில் கூடாரமிட்டுத் தங்குவார்கள். கூடும் இடத்தை முன்கூட்டியே விளம்பரம் செய்வதில்லை. ஒரு சோதனைச் சாவடிக்கு முதலில் வந்து சேர வேண்டும். அங்கேதான் இடம் சொல்லப்படும். வந்தவர்களுக்கு அந்த ஆண்டின் சின்னம் பொறித்த சிறு பதக்கம் கிடைக்கும். காசு மதிப்பு அதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் முதியவர்கள் பல ஆண்டுப் பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு பெருமையோடு வருகிறார்கள். சொந்த உழைப்பால் வந்த மதிப்பல்லவா?

இது பிரிட்டனின் ஒரு முகம். அதே 1962ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் மற்றொரு முகம் தெரிந்தது. நகரின் வடக்குச் சுற்றுச்சாலையில் 'ஏஸ் கஃபே' என்று ஒரு தேநீர்க்கடை. 1938ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு, போரில் குண்டுவீச்சால் அழிந்து, 1949ஆம் ஆண்டில் திரும்பக் கட்டப்பட்டது. லாரி ஓட்டுநர்களுக்காக இரவெல்லாம் திறந்திருக்கும். தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்த இளைஞர்கள் தோல் சட்டை அணிந்து, மோட்டார் சைக்கிள்களில் அங்கே குவிந்தார்கள். மணிக்கு நூறு மைல் வேகத்தைத் தொடுவதே அவர்களுக்குப் பெருமை. அந்த வெறியில் எத்தனையோ பேர் சாலையில் மாண்டார்கள். செய்தித்தாள்கள் அவர்களைச் சமூகத்தின் களைகள் என்று எழுதின. 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த, மர்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' என்னும் மோட்டார் சைக்கிள் படத்தைப் பிரிட்டனின் தணிக்கைக் குழு 1967ஆம் ஆண்டு வரை அனுமதிக்கவில்லை. இளைஞர்கள் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சமே காரணம்.

அவர்களைத் தேடி ஒரு பாதிரியார் போனார். அவர் பெயர் பில் ஷெர்கோல்ட். கிழக்கு இலண்டனின் ஹாக்னி விக் என்னும் ஏழை மக்கள் வட்டாரத்துத் தேவாலயத்தில் பணியாற்றியவர். அந்தத் தேவாலயத்தைச் சார்ந்து 1959ஆம் ஆண்டிலேயே 'ஐம்பத்தொன்பது கிளப்' என்னும் இளைஞர் மன்றம் தொடங்கப்பட்டிருந்தது. ஷெர்கோல்ட் தாமும் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர். ஏஸ் கஃபே இளைஞர்களைத் தம் தேவாலய வழிபாட்டிற்கு அழைக்க வேண்டுமென்று எண்ணினார். ஆனால் முதல் முறை போனபோது அவருக்குத் துணிவு வரவில்லை, திரும்பிவிட்டார். மறுபடியும் போனார். அடிப்பார்களோ, ஏளனம் செய்வார்களோ என்ற அச்சத்தோடுதான் உள்ளே நுழைந்தார். நடந்தது வேறு. இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வண்டியைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பேசினார்கள். அதுவரை அவர்களிடம் அப்படி வந்து பேசியவர் யார்?

1962ஆம் ஆண்டில் அந்த வழிபாடு நடந்தது. இளைஞர்கள் வண்டிகளோடு வந்தார்கள். வண்டிகளைத் தேவாலயத்திற்குள்ளேயே நிறுத்த இடம் தந்தார்கள். அதன்பின் ஐம்பத்தொன்பது கிளப்பில் மோட்டார் சைக்கிள் பிரிவு ஒன்று பிறந்தது. வாரந்தோறும் கூடி விளையாடவும், பாட்டுக் கேட்கவும், வண்டியைப் பழுது பார்க்கவும் ஓரிடம் கிடைத்தது. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். ஷெர்கோல்ட் அவர்களை ஒரே நாளில் திருத்திவிட்டார் என்று சொல்ல வரவில்லை. தோல் சட்டையை விடச் சொல்லவில்லை. வண்டியை விற்கச் சொல்லவில்லை. அவர்கள் விரும்பிய பொருளை வைத்தே அவர்களோடு உறவு கொண்டாடினார். அவ்வளவுதான்.

ஊராரின் ஐயம் அதனால் நீங்கிவிடவில்லை. 1964ஆம் ஆண்டில் கிளாக்டன், மார்கேட், பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்களில், மோட்டார் சைக்கிள் ஓட்டிய 'ராக்கர்' இளைஞர்களுக்கும் ஸ்கூட்டர் ஓட்டிய 'மாட்' இளைஞர்களுக்கும் இடையே கைகலப்பு நடந்தது. நாடே பற்றி எரிவதுபோல் செய்தித்தாள்கள் எழுதின. பிற்பாடு ஸ்டான்லி கோஹன் என்னும் சமூகவியல் அறிஞர் இதனை ஆராய்ந்து 1972ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நடந்தது சிறிது, எழுதப்பட்டது பெரிது என்று அவர் எடுத்துக்காட்டினார். ஒரு கூட்டத்தை "இவர்கள் கெட்டவர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னால், ஊரும் அதை நம்பும்; நாளடைவில் அந்தப் பிள்ளைகளும் அதற்கேற்ப நடக்கத் தொடங்குவார்கள் என்பது அந்த ஆய்வு தரும் எச்சரிக்கை. பெற்றோர்களும் ஆசிரியர்களும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இனி அறப்பணிக்கு வருவோம். இரவில் விரைந்து செல்லத் தெரிந்தவர். மழைக்கும் குளிருக்கும் அஞ்சாதவர். தோழருக்கு உதவும் பழக்கமுள்ளவர். இத்தகையவரால் ஊருக்கு என்ன பயன்? இந்தக் கேள்விக்கு மிகச் சிறந்த விடை 1969ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சர்ரே வட்டாரத்தில் கிடைத்தது. மார்கரெட் ரையர்சன் என்னும் பெண்மணி, மருத்துவமனைகளுக்கு மோட்டார் சைக்கிளில் இரத்தம் கொண்டு சேர்க்கும் தொண்டர் பணியை அங்கே தொடங்கினார். பின்னர் 1981ஆம் ஆண்டில் இதே நோக்கத்தோடு வேறொரு தொண்டர் அமைப்பும் தோன்றியது. பல வட்டாரங்களில் இத்தகைய குழுக்கள் எழுந்தன. 2008ஆம் ஆண்டில் அவற்றுக்கெல்லாம் பொதுவான தேசியச் சங்கம் ஒன்றும் அமைந்தது. மக்கள் இவற்றை 'இரத்த வண்டிகள்' என்றே அழைக்கிறார்கள்.

இப்பணி நடக்கும் முறை எளிமையானது. பகல் நேரத்தில் மருத்துவமனைகளுக்குச் சொந்த வண்டிகள் உண்டு. ஆனால் இரவிலும் வார இறுதியிலும் அவசரமாக இரத்தமோ, பரிசோதனைக்குரிய மாதிரியோ அனுப்ப வேண்டுமானால் வாடகைக் காருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்துவது தொண்டர்களின் வேலை. மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வரும். பொறுப்பாளர் முறைப்படி ஓர் ஓட்டுநரை எழுப்புவார். அவர் குளிர்ப்பெட்டியை வண்டியில் பூட்டிக்கொண்டு புறப்படுவார். இரத்தம் மட்டுமா? குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குத் தேவையான தாய்ப்பாலையும் கொண்டு செல்கிறார்கள். யாருக்காகக் கொண்டு போகிறோம் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. யார் கொண்டு வந்தார் என்று நோயாளிக்கும் தெரியாது. கூலியும் கிடையாது. மறுநாள் காலையில் அந்த ஓட்டுநர் வழக்கம்போல் தம் வேலைக்குப் போய்விடுவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பணிக்கு எல்லாரையும் சேர்த்துவிடுவதில்லை. நன்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். மேற்பயிற்சி பெற வேண்டும். இரத்தத்தைக் கொண்டு செல்பவர் வழியில் விழுந்துவிட்டால் என்ன பயன்? எனவே வேகமாகப் போவதைவிடப் பத்திரமாகப் போய்ச் சேர்வதே முதல் விதி. 1910ஆம் ஆண்டில் எக்ஸிடர் சென்று திரும்பியவர்கள் கற்ற அதே பாடம்!

வேறு அறப்பயணங்களும் உண்டு. ஈஸ்டர் பண்டிகையின்போது சாக்லேட் முட்டைகளை ஏற்றிக்கொண்டு குழந்தைகள் மருத்துவமனைக்கு ஊர்வலமாகச் செல்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பொம்மைகளைக் கொண்டு சேர்க்கிறார்கள். முரட்டுத் தோற்றமும் தாடியுமாக ஒருவர் கரடி பொம்மையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் நோயாளிக் குழந்தையும் சிரிக்காதா? 2012ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மார்க் ஹவ்வா என்பவர் இன்னொரு பயணத்தைத் தொடங்கினார். பழைய பாணி மோட்டார் சைக்கிள்களில், கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, கண்ணியமான தோற்றத்தில் ஊர்வலம் வரவேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் என்றாலே முரடர் என்னும் எண்ணத்தை மாற்றுவது ஒரு நோக்கம். ஆண்களுக்கு வரும் புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும், ஆண்களின் மனநலத்திற்கும் நிதி திரட்டுவது மற்றொரு நோக்கம். இன்று அது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடைபெறுகிறது.

ஒரு நாள் ஊர்வலம் போய் வந்தால் உலகம் திருந்திவிடுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஊர்வலம் வேறு, தொண்டு வேறு. கொடி கட்டி, ஒலி எழுப்பி, படம் எடுத்துக்கொண்டு கலைவது எளிது. ஆண்டுதோறும், யாரும் பாராத இரவிலும், மழையிலும் செய்வதே கடினம். அதனால்தான் இரத்த வண்டித் தொண்டர்களை நான் இந்த வரலாற்றில் உயர்வாக வைக்கிறேன். பனியில் வழி நின்ற தோழரின் வண்டியைத் தள்ளிய அதே மனமல்லவா, அறிமுகமில்லாத நோயாளிக்காகவும் நள்ளிரவில் எழுந்து புறப்படுகிறது!

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பனி நமக்கு இல்லை, தேவையும் இல்லை. ஆனால் தோட்டந்தோறும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதை ஓட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையும் விளையாட்டும் இல்லாமல் பெருஞ்சாலைக்குப் போய் உயிரைப் பணயம் வைக்கும்போது திட்டுவதற்குப் பலர் வருகிறோம். திட்டுவதற்கு முன் அழைத்துப் பேச எத்தனை பேர் போகிறோம்? ஷெர்கோல்ட் பாதிரியாரிடம் பெரும் பணம் இல்லை. ஒரு கூடம் இருந்தது. சில வார்த்தைகள் இருந்தன. இரண்டாம் முறை போகும் மனம் இருந்தது. நம் தோட்டத்திலும் ஆலய மண்டபம் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, இளைஞர் மன்றம் உண்டு.

வேலைகளுக்கும் குறைவில்லை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மருத்துவமனையிலிருந்து மருந்து வாங்கி வரலாம். இரத்த தான முகாமிற்கு ஆட்களை அழைத்துப் போகலாம். தேர்வு நாளில் வண்டி வசதியில்லாத பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடலாம். வெள்ளம் வந்தால் உணவுப் பொட்டலம் சேர்க்கலாம். ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்து, "தம்பி, உன்னை நம்பித்தான் இருக்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் பெரும்பாலான பிள்ளைகள் முயல்வார்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். நூறு மைல் வேகத்தில் ஓடி மாண்டவர்களின் பெயர்களை ஏஸ் கஃபே வாசலில் இன்று எத்தனை பேர் அறிவார்கள்? இருபது பேராகப் பனியில் கூடியவர்கள் மூட்டிய நெருப்போ ஆண்டுதோறும் எரிகிறது. வண்டி ஓட்டுங்கள். கூட்டமாகவும் போங்கள். ஆனால் போகிறவர்கள் அனைவரும் தலைக்கவசத்தோடு போய், அனைவரும் வீடு திரும்புங்கள். வழியில் ஒருவர் நின்றால் எல்லாரும் நில்லுங்கள். அதுவே உண்மையான சங்கத்திற்கு அடையாளம்.